உன் புத்தகங்களில் இல்லாத தம்பி

அக்கா,

உன் நோட்டைத் திறந்ததும் தும்மினேன். ஒன்றல்ல, ஐந்தாறு. எல்லாவற்றையும் மிளகாய்ச் சாக்கில்தான் போட்டு வைத்திருக்கிறாய். கறையான் வராது என்பாய். கறையான் வரவில்லைதான், ஆனால் மனிதரும் கிட்டே போக முடியவில்லை. உள்ளறையிலிருந்து என் மனைவி, "ஜன்னலைச் சாத்துங்க, யாரோ மிளகாய் வறுக்குறாங்க" என்றாள். சென்னையில் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த நோட்டைப் புரட்டினேன்.

அது என் நோட்டு. கல்லூரியில் செய்முறைப் பாடத்துக்கு வாங்கியது. வலப்பக்கம் கோடு போட்டிருக்கும், இடப்பக்கம் படம் வரைய வெற்றுத்தாளாக இருக்கும். வலப்பக்கத்தில் என் கையெழுத்தில் மணலின் தன்மை, சிமென்ட் கலவை விகிதம். இடப்பக்கத்தில் பொடிப்பொடியாக உன் கதை. நான் பரணில் தூக்கிப் போட்ட நோட்டுகளை எடுத்துத் தூசி தட்டி, நான் படம் வரையாமல் விட்ட பக்கங்களில் எல்லாம் நீ எழுதி வைத்திருக்கிறாய். என் சோம்பேறித்தனத்தால்தான் நீ எழுத்தாளர் ஆனாய் என்று யாரிடமாவது பெருமையடித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அப்படிப் பேசும் நண்பர்கள் இப்போது இல்லை.

நீ கண்ணை மூடிய பிறகு மதுரையிலிருந்து உன் பதிப்பாளர் பேசினாள். சின்னப் பெண், மரியாதையான குரல். உன் இரண்டாவது புத்தகத்தை மறுபடி அச்சுக்குக் கொண்டு வருகிறார்களாம்.

"குடும்பத்துல இருந்து ஒருத்தர் முன்னுரை எழுதினா நல்லா இருக்கும் சார். அக்காவுக்கு ஒரு தம்பி இருக்கீங்கன்னே இப்பத்தான் தெரிஞ்சுது."

அவளைக் குறை சொல்ல முடியாது. நீ ஏழு புத்தகம் எழுதினாய். அய்யா வருகிறார், அம்மா வருகிறாள், வண்டி மாடு இரண்டும் பேரோடு வருகின்றன. வடக்கு எல்லையில் நின்ற ஒற்றை விடத்தலை மரத்துக்குக்கூட ஒரு அத்தியாயம் இருக்கிறது. தம்பி மட்டும் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் கண்மாய் பொய்த்து, அய்யா உன்னையும் அம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாலிநோக்கம் போகும் வழியில் அந்த முள்காட்டுக்கு வந்தபோது உனக்கு ஆறு வயது. அங்கே பிறந்த முதல் பிள்ளை நான். உன் எழுத்துப்படி அந்த மணலில் முதலில் பிறந்தது ஒரு கன்றுக்குட்டி.

நான் வேலை பார்த்த இலாகாவில் பதவி உயர்வு வந்தபோது இரண்டு பேரைத் தூக்கி எனக்கு மேலே வைத்தார்கள். அந்த இரண்டு பெயரையும் இன்றுவரை நான் மறக்கவில்லை. அப்படிப்பட்டவனிடமா கன்றுக்குட்டியை மறக்கச் சொல்கிறாய்?

முன்னுரை எழுத உட்கார்ந்தால் முதலில் உன்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. கமுதியில் வாழ்க்கைப்பட்டு மூன்றாம் வருஷம் திரும்பி வந்தாய். ஏன் என்று அய்யா கேட்கவில்லை. இரண்டு பூவாளியைக் கையில் கொடுத்தார். ஊற்றில் இறங்கி மொண்டு, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு மிளகாய்ச் செடிக்கும் ஊற்றிக்கொண்டே போவாய். வெயில் ஏறும்வரை தண்ணீர், அதற்கப்புறம் எழுத்து. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் எழுத மாட்டாய். ஏன் என்று நான் கேட்டதற்கு, "ஊத்துல காலையில மொண்டாச்சுன்னா மறுநாள் வரைக்கும் ஊற விடுறோம்ல, அது மாதிரிதான்" என்றாய். கதையைச் சாயல்குடித் தபாலாபீசில் போட்டுவிட்டு வந்து மாசக்கணக்கில் காத்திருப்பாய். முதல் கதையை ஏற்றுக்கொண்டு வந்த கடிதத்தில் உன் பெயருக்கு முன்னால் 'திரு' என்று போட்டிருந்தார்கள். மிளகாய் வியாபாரத்துக்கு வந்து போகிற ஆட்களிடம் எல்லாம் அதைக் காட்டிச் சிரித்தாய். அய்யாவுக்கு எழுத்துத் தெரியாது. "நம்ம புள்ளைக்குச் சர்க்கார் கடுதாசி வந்துருக்கு" என்று அவர் ஊருக்குள் சொன்னார்.

இதெல்லாம் நல்ல முன்னுரைக்கு ஆகும். ஆனால் அந்தப் புத்தகத்தில் கிணற்று அத்தியாயம் இருக்கிறதே.

அந்த மண்ணில் அய்யாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. இரண்டு ஆள் ஆழம், அதற்கு மேல் ஒரு கைப்பிடி மண் எடுக்கக் கூடாது. மேலே மழைத் தண்ணீர் மிதக்கிறது, கீழே கடல் படுத்திருக்கிறது. எழுப்பாமல் மொண்டுகொள்ள வேண்டும். காலையில் கிணற்றில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அன்றைய வேலையைத் தொடங்குவார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வெள்ளாமையா என்று சிரித்த சனம், அவர் மிளகாய் காய்ந்ததைப் பார்த்துத் தானும் வந்தது. நான் கல்லூரி முடிக்கும்போது நம்மைச் சுற்றி நாலு குடும்பம் காடு திருத்திக் குடியிருந்தது. ஆளுக்கொரு ஊற்றுக்குழி, அதே இரண்டு ஆள் ஆழம்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு நான் வந்தது வைகாசியில். வந்த மூன்றாம் நாள் சாப்பாட்டில் உட்கார்ந்து பேச்சை எடுத்தேன்.

"அய்யா, பூவாளில ஊத்தி எத்தனை செடியக் காப்பாத்துவீக? அடியில குழாய் எறக்கி ஆயில் இஞ்சினப் போட்டா மூணு ஏக்கர் பாயும். மழைக்கு முன்னாலயே நட்டுறலாம்."

"கீழ போகக் கூடாதுப்பா."

"யாரு சொன்னா?"

"தண்ணிதான் சொல்லுது."

"தண்ணி பேசாது அய்யா. நான் இதைத்தான் நாலு வருசம் படிச்சிட்டு வந்துருக்கேன்."

நீ சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய். "நாலு வருசம் படிச்சவன் நாப்பது நாள் இங்கன இருந்து பாத்துட்டுச் சொல்லலாம்ல?"

"ஒனக்கு என்ன தெரியும்? பத்தாப்புல நின்னவ."

அப்படிச் சொன்னேன். பத்தாவதோடு உன்னை நிறுத்தியது என்னைப் படிக்க வைக்கத்தான் என்று தெரிந்தும் சொன்னேன். அய்யா உன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு, "இஞ்சினியரு சொல்லுறாரு. பாப்பமே" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்தது பேராசை இல்லை. மகன் படித்துவிட்டான் என்ற பெருமைதான்.

என் பாடப்புத்தகத்தில் கடலோரக் கிணறுகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பரீட்சைக்கு வராது என்று அதை விட்டுவிட்டுப் படித்தவன் நான்.

பெரியபட்டினத்திலிருந்து குழாய் இறக்கும் காதர் பாய் ஆட்களோடு வந்தார். கிணற்றின் அடியை அய்யாவே கடப்பாறை கொண்டு திறந்தார், பாய் குழாயை இறக்கினார். இஞ்சின் ஓடியதும் கை கனத்துக்குத் தண்ணீர் வந்து விழுந்தது. நாலு குடும்பமும் வந்து நின்று பார்த்தது. பத்து நாளில் மூன்று ஏக்கருக்கும் நாற்று நட்டாகிவிட்டது.

அப்புறம் நடந்ததை நீ எழுதிவிட்டாய். இலை ஓரம் கருகியது, செடி நின்ற நிலையிலேயே காய்ந்தது, மண்ணின் மேல் வெள்ளை பூத்தது. முதலில் நம் கிணறு உப்புக் கரித்துச் சவரானது. பிறகு ஒவ்வொன்றாக நாலு குடும்பத்து ஊற்றும் சவராயிற்று. குடிக்க வைத்திருந்த நம் குழி மட்டும் எப்படியோ தப்பியது, அதை நம்பித்தான் நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். அடுத்த தைக்குள் நாலு வீடும் காலி. நீ எழுதியதில் இவ்வளவும் சரி. ஒன்றுதான் மாறியிருந்தது. 'ஆழமாய்ப் போனால் என்ன என்று அய்யாவுக்கு ஓர் ஆசை வந்தது' என்று எழுதியிருந்தாய்.

அய்யா செத்து வருஷம் திரும்பும் முன் அந்தப் புத்தகம் வந்தது. மதுரையில் ஒரு பரிசு கொடுத்து, பெற்ற தகப்பனையும் விட்டுவைக்காத பேனா என்று பாராட்டினார்கள். நான் பஸ்ஸில் வரும்போதே படித்து முடித்துவிட்டேன். வந்த வேகத்தில் உன் முன்னால் நின்றேன். நீ மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாய்.

"அய்யா பேராசைக்காரரா?"

"ஆசைன்னுதானே போட்டுருக்கேன்."

"ஊரு சிரிக்காதா?"

"எந்த ஊருடா?" என்றாய். பிறகு தலை நிமிராமலே, "அய்யா இல்லாட்டி தோண்டச் சொன்னது யாருன்னு நீயே சொல்லு. அடுத்த தடவை அடிக்கும்போது மாத்திப் போட்டுருவோம்."

புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டேன். அதை நான் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் பதினோரு வருஷம் உன்னோடு பேசவில்லை. பிறகு பேசியதும் கல்யாண வீடுகளில் பந்திக்கு நின்ற இடத்தில் "சாப்பிட்டியா" என்ற அளவில்தான். கேட்டவர்களிடம் எல்லாம், செத்த மனிதனைச் சந்தியில் நிறுத்தியவள் என்று உன்னைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரலில் நியாயம் இருந்தது என்று எனக்கே தோன்றும்.

உனக்கு முப்பதாம் நாள் காரியம் முடிந்து, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்து வரப் போனேன். மிளகாய்ச் சாக்குகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது காதர் பாய் மொபெட்டில் வந்து இறங்கினார். கிழவராகிவிட்டார். வலது காது கேட்கவில்லை.

"என்ன தம்பி, முன்னுரை எழுதப் போறீகளாமே?"

"கேட்டிருக்காங்க பாய். என்ன எழுத? அய்யாவக் குத்தஞ் சொல்லி எழுதுன புத்தகத்துக்கு நான் மாலை போடணுமாம்."

பாய் வண்டியை ஸ்டாண்டு போட்டார். அவசரமே படவில்லை.

"அக்கா மொதல்ல ஒங்க பேரத்தான் எழுதுனாக."

நான் சாக்கைக் கீழே வைத்தேன்.

"அய்யாவுக்கு வாசிச்சுக் காட்டும்போது நானும் இருந்தேன். மேலுக்கு முடியாமப் படுத்துருந்தாகள்ல, அப்ப. தம்பி சொன்னான், அய்யா தோண்டுனாருன்னு வந்துச்சு. அய்யா கையக் காட்டி நிறுத்துனாக. அதை வெட்டுன்னாக."

"அக்கா?"

"அக்கா லேசுல விட்டாகளா? நடந்ததைத்தானே எழுதிருக்கேன், அவன் சொல்லித்தானே தோண்டுனீகன்னு நிக்கிறாக. அதுக்கு அய்யா, 'சொல்லுறவன் ஆயிரம் சொல்லுவான். கெணறும் என்னுது, கடப்பாறையும் என்னுது. தோண்டுனவன் நாந்தானே'ன்னாக. அப்புறம் கொஞ்சம் பொறுத்து, 'அவன் இங்கன வந்து போக வேணாமா'ன்னாக."

"இப்ப ஊருல அய்யாவத்தானே குத்தமா நெனைக்கிறாக" என்றேன்.

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊருக்குத் தெரியாமயா தம்பி? நாலு குடும்பம் சட்டி பானையத் தூக்கிட்டுப் போச்சே, அவுகளுக்குத் தெரியாதா? மகனுக்காகத் தன்மேல போட்டுக்கிட்டாருன்னு அய்யாவத் தலைக்கு மேல வச்சுப் பேசுவாக. ஒங்களுக்குத்தான் தெரியாது. நீங்கதான் வாரதே இல்லையே."

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "கொழாய எறக்குனவன் நான். அக்கா எம் பேரையும் போடல. பெருநாளைக்குப் பிரியாணி கொண்டுவந்து குடுக்கையில எல்லாம் கேக்கணும்னு நெனைப்பேன். கேக்கல."

சென்னை வரும் வழியெல்லாம் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. அதைத் திருத்திச் சொல்ல மாட்டேன். அத்தனை வருஷமும் என்னைக் கோபிக்க விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு கடிதம் போட்டிருக்கலாம். 'அய்யா சொல்லித்தான் வெட்டினேன்' என்று நாலு வார்த்தை. போடவில்லை. ஏழு புத்தகத்திலும் தம்பி இல்லாமல் போனது ஏன் என்று இப்போது புரிகிறது. கிணற்றில் என்னை மறைத்துவிட்டு மற்ற இடங்களில் நல்ல பிள்ளையாய்க் காட்ட உனக்குக் கை வரவில்லை. கிணற்றைச் சொல்லாமல் என்னைச் சொல்ல உனக்குத் தெரியவில்லை. அதனால் முழுசாய் எடுத்துவிட்டாய். எழுத்தாளருக்கு அது நேர்மையாக இருக்கலாம். எனக்கு அது இருபது வருஷம்.

முதலில் எழுதிய முன்னுரை ஒரே மூச்சில் வந்தது. 'என் அக்கா இந்த அத்தியாயத்தில் எழுதியிருப்பது உண்மையல்ல' என்று தொடங்கினேன். மூன்று பக்கம். குற்றத்தை நானே ஏற்றுக்கொள்வது போலத்தான் இருந்தது. வாசித்துப் பார்த்தால், ஒவ்வொரு வரியும் உன் பரிசைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தது. எனக்குள்ளே ஒருவன் கைகொட்டிக்கொண்டிருந்தான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது முன்னுரை பூவாளியும் தபாலாபீசுமாக அழகாக இருந்தது. அதை அனுப்பியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதையும் அனுப்பவில்லை. அய்யா தோண்டினார் என்றால் அது உண்மை, அவரே சொல்லிவிட்டார். தம்பி சொன்னான் என்றால் அதுவும் உண்மை, ஊருக்கே தெரியும். அப்படியானால் நான் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிச்சம் இருந்தது, அக்கா. உனக்கும் தெரியாது, அய்யாவுக்கும் தெரியாது, பாய்க்கும் தெரியாது.

இஞ்சின் போட்ட பிறகு அய்யா காலையில் வாயில் வைத்துப் பார்க்கப் போனதை நான்தான் நிறுத்தினேன். "நாக்கால பாக்குற காலமெல்லாம் போச்சு அய்யா. மதுரையில டெஸ்ட் பண்ணிச் சொல்லுறேன்" என்றேன். அவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு கையை உதறினார். வேலைக்கு உத்தரவு வந்து நான் புறப்பட்ட காலையில், பாட்டிலில் தண்ணீர் பிடிக்கக் கிணற்றடிக்குப் போனேன். வரப்போரத்தில் நாலைந்து செடி இலை நுனி பழுத்திருந்தது. ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். கரித்தது. லேசாகத்தான். ஆனால் சந்தேகமே இல்லை.

நீ சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாய். அய்யா என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்துவிட்டார். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. இஞ்சினை நிறுத்துங்கள் என்று இரண்டு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் நான் தப்பாகிவிடுவேன். பஸ் ஏறினேன்.

அந்தப் பாட்டிலை மதுரை பஸ் நிலையத்தில், ஒரு சிமென்ட் பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டேன். நீ கடிதம் போட்டாய்: 'செடி முகம் சரியில்லை. டெஸ்ட் என்ன ஆச்சு?' நான் பதில் எழுதினேன்: 'முடிவு இன்னும் வரவில்லை. தண்ணீரை நிறுத்த வேண்டாம்.' அய்யா நிறுத்தவில்லை. நாலு ஊற்றும் கெட்டது அந்த நாட்களில்தான். முதல் நாளே நிறுத்தியிருந்தால் நம் ஒரு கிணற்றோடு போயிருக்கும் என்று, பிறகு என் உத்தியோகத்தில் எத்தனையோ கடலோரக் கிணறுகளுக்கு அறிக்கை எழுதும்போது எனக்குத் தெரிந்தது. அறிக்கைகளில் அதைச் சரியாகவே எழுதினேன்.

மூன்றாவது முன்னுரையில் உன்னைப் பற்றிக் கொஞ்சமும், இதை முழுவதுமாகவும் எழுதினேன். நீ எழுதியதில் ஓர் எழுத்தையும் மறுக்கவில்லை. 'அக்கா தனக்குத் தெரிந்ததில் ஒரு பெயரை அய்யா சொல்லி எடுத்தாள். அந்தப் பெயர் என்னுடையது. அவளுக்குத் தெரியாதது இது' என்று எழுதிவிட்டு, பாட்டிலையும் கடிதத்தையும் சொன்னேன்.

அனுப்பிய மறுநாள் பதிப்பாளர்ப் பெண் பேசினாள்.

"சார், முன்னுரையில இப்படி யாரும் எழுத மாட்டாங்க. படிக்கிறவங்க புத்தகத்துக்குள்ள போகும்போதே மனசு ஒரு மாதிரி ஆயிரும். பின்னுரையா கடைசியில போட்டுரலாமா?"

"முன்னாலயே இருக்கட்டும்மா. அய்யா கடப்பாறையத் தூக்குறதுக்கு முன்னால படிக்கிறவங்க இதைப் படிச்சிருக்கணும்."

"அக்கா ஒத்துக்கிட்டிருப்பாங்களா சார்?"

"சண்டை போட்டுருப்பா" என்றேன்.

அப்படித்தானே அக்கா? அய்யா சொல்லை மீறிவிட்டேன் என்று சண்டை போட்டிருப்பாய். போடு. பதினோரு வருஷப் பாக்கி இருக்கிறது.

அந்த நாலு குடும்பத்தில் ஒரு வீட்டுப் பெரியவர் இன்னும் இருக்கிறாராம், தொண்டியில் மகள் வீட்டில். காதர் பாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கண் தெரிவதில்லை, பேச்சு நன்றாக இருக்கிறது என்றார். புத்தகம் வந்ததும் ஒன்றைத் தபாலில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு போகிறேன். அவருக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். வாசித்து முடித்த பிறகு அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. உள்ளே உட்காரச் சொல்வாரா என்பதே தெரியாது. எப்படியும் போவேன். அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் ஏறியதிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன், அக்கா. இறக்கிவைக்கிற இடம் அவர் வாசல்தானா என்று போய்த்தான் பார்க்க வேண்டும்.

உன் தம்பி